ரத்தம் எடுக்கிற நாற்காலி

கதையில் ஒரு டாக்டர் வருவார். மயங்கி விழுந்த பெண்ணின் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். பார்த்த கையோடு நிமிர்ந்து, புருஷன்காரனிடம் "நீங்க அப்பா ஆகப்போறீங்க" என்பார். சங்கரன்கோவிலில் இத்தனை வருஷமாக ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துப் பிழைக்கிற எனக்கு இதைப் படித்தால் எப்படி இருக்கும்? நாடியிலேயே எல்லாம் தெரிந்துவிடுமென்றால் நான் எதற்கு விடிந்ததும் விடியாததுமாக லேபைத் திறந்து குப்பியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்?

அந்த எரிச்சலில் பிறந்ததுதான் எங்கள் வாசகர் வட்டம். என்னைப் போலவே எரிச்சல்பட்ட இன்னொருவர் கணேசன் அண்ணாச்சி. பத்திர எழுத்தர். சர்க்கரை பார்க்க வந்தவர், ரத்தம் கொடுத்துக்கொண்டே கையிலிருந்த நாவலைத் திட்டிக்கொண்டிருந்தார். "வெத்துத்தாள்ல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வில்லன் சொத்து பூராத்தையும் எழுதிக்கிட்டானாம். அப்படின்னா நான் வில்லங்கம் பாத்து, சாட்சி பிடிச்சு, பத்திர ஆபீஸ் வாசல்ல காத்துக் கிடக்கது எதுக்கு முத்துமாரி?" என்றார். சிரிப்பில் எனக்கு ஊசி ஆடிவிட்டது. இரண்டு பேருக்கும் அன்றைக்கே ஒத்துப்போயிற்று. பிறகு புளியங்குடியிலிருந்து ரிபாயி அண்ணாச்சி வந்து சேர்ந்தார். எலுமிச்சை மண்டியில் ஏலம் கூறுகிறவர். கதையில் வருகிற வியாபாரிகள் எல்லாரும் பெட்டியைத் திறந்து பணம் எண்ணுகிறார்களே தவிர ஒருத்தனாவது காயை மோந்து பார்க்கிறானா என்பது அவருடைய ஆவலாதி.

வட்டத்துக்கு 'அவரவர் வேலை' என்று பெயர் வைத்தோம். மாதக் கடைசி ஞாயிறு மதியம், லேபில்தான் கூட்டம். ஒரு கதையையோ நாவலையோ எடுத்துக்கொள்வோம். அதில் என்ன வேலை வருகிறதோ அந்த வேலைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, கை வைக்கப் பலகை உள்ள, நான் ரத்தம் எடுக்கிற நாற்காலியில் உட்கார வைப்போம். அவர்தான் சாட்சி. நாங்கள் வரிகளை வாசிப்போம். அவர் 'நடக்கும்' அல்லது 'நடக்காது' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் அதை அவரே எழுத வேண்டும். நன்றாக எழுதியிருக்கிறார்களா, மனதைத் தொட்டதா என்கிற பேச்செல்லாம் எங்களிடம் கிடையாது. அதற்கு மதுரையில், சென்னையில் ஆயிரம் வட்டம் இருக்கிறது.

சட்டம் இரண்டுதான். அவரவர் வேலைக்கு அவரவர் மட்டுமே சாட்சி. அடுத்தவன் வேலையைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. இன்னொன்று, நாற்காலியில் சொன்னது நாற்காலியோடு. வெளியே போகாது. இரண்டாவது சட்டம் இல்லையென்றால் யார் உண்மையைச் சொல்லுவார்கள்? எல்லாரும் மேலாளருக்குப் பயந்தவர்கள்தானே.

இசக்கிராஜா நாலாவது ஆளாக வந்தான். காத்தாடிக் கம்பெனியில் டெக்னீஷியன். எங்கள் ஊரிலிருந்து தெற்கே பைக்கில் போனால் வழியெல்லாம் காற்றாலைகள் நிற்கும். எங்கள் பக்கம் அதைக் காத்தாடி என்றுதான் சொல்லுவோம். அதில் ஒன்று நின்றுபோனால் இவன்தான் ஏறிப் பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி அவர்களுக்கு உடம்பு பரிசோதனை வைக்கும்; ரத்தப் பரிசோதனை என் லேபில். அப்படித்தான் பழக்கம். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அத்தனை உயரம் ஏறுகிறவனுக்கு இத்தனூண்டு ஊசிக்குப் பயமா என்று கேலி பண்ணுவேன். "உயரம் குத்தாதுல்லக்கா" என்பான். நல்ல பையன். பையன் என்ன பையன், கல்யாணம் முடிந்து ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். ஆனாலும் எனக்குப் பையன்தான்.

போன வைகாசியில் ஒரு நாவல் கிடைத்தது. காத்தாடிக் கம்பெனியை வைத்து எழுதியது. எழுதியவர் பெயர் வேண்டாம், பாவம், அவர் காத்தாடியைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார் போல. அதுவரை மற்றவர்களின் சாட்சியைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த இசக்கிராஜாவுக்கு அந்த ஞாயிறு நாற்காலி கிடைத்தது. அவன் மனைவி மாலா அவனைக் கூட்டிப்போக மகளோடு வந்தவள், நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரிபாயி அண்ணாச்சி ஏலக் குரலில் வாசித்தார். "வீரன் ஒவ்வொரு படியிலும் நின்று, இடுப்புப் பட்டியின் பூட்டைச் சரிபார்த்து, மெல்ல மெல்ல மேலேறினான்."

"நடக்கும்" என்றான் இசக்கிராஜா.

"எப்படி நடக்கும்?" என்றேன். அவன் சொன்ன விதமே சரியில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

"ஏணி ஓரமா ஒரு கம்பி மேல வரைக்கும் போகும்க்கா. அதுல பூட்டு மாதிரி ஒண்ணு. இடுப்புப் பட்டியை அதுல மாட்டிக்கிடணும். நாம ஏறுனா அதுவும் கூட ஏறும். விழுந்தோம்னா கம்பியைக் கவ்விப் பிடிச்சுக்கிடும். மாட்டாம ஏறக் கூடாது. அது ரூல்."

"ரூலையா கேட்டேன்? ஏலே, ரூல் புக்கை ஒப்பிக்கவா இங்கன வந்து உக்காந்திருக்க? அதை நான் உங்க கம்பெனி போர்டுலயே படிச்சுக்கிடுவேன். நீ எப்படி ஏறுத, அதைச் சொல்லு."

அவன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டான். மாலாவைப் பார்த்தான்.

"வெளிய போயிராதுல்லக்கா?"

"நாற்காலியில சொன்னது நாற்காலியோட" என்றேன்.

பிறகுதான் வாயைத் திறந்தான். புதுக் காத்தாடிகளில் பிரச்சினை இல்லையாம். பழைய கம்பிக்கூண்டு டவர்களில் அந்தப் பூட்டு துருப்பிடித்துப் பாதி ஏணியில் இறுகிக்கொள்ளுமாம். மேலேயும் போகாது, கீழேயும் வராது. ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதைத் தட்டித் தட்டி விட வேண்டும். "அதுலதான் விழுவோம்க்கா. அதுக்கு மாட்டாம ஏறுதது மேல்னு எல்லாரும் மாட்டாமத்தான் ஏறுதோம். மாத்திக் கொடுங்கன்னு கேட்டா ஸ்டாக் இல்லம்பாங்க. காத்து சீசன்ல காத்தாடி நின்னா அஞ்சு நிமிசத்துக்கு ஒரு போன் வரும். இன்ஜினியருக்கு எல்லாம் தெரியும். கீழ நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு."

"அப்ப இந்த வரி?"

"நடக்காது" என்று சிரித்துக்கொண்டே பென்சிலால் எழுதினான்.

மாலா சிரிக்கவில்லை. "எங்கிட்ட மாட்டிக்கிட்டுத்தான் ஏறுதேன்னு சொல்லுவிய?" என்றாள் அவனிடம். "உங்கிட்டயும் ரூலைத்தான் சொன்னேன்" என்றான் அவன். எல்லாரும் சிரித்தோம். எனக்கு அன்றைக்கு உள்ளூர ஒரே பெருமை. உண்மையைக் கறந்துவிட்டேன் அல்லவா.

நாவலின் முடிவில் வீரன் விழுந்து செத்துப்போகிறான். கம்பெனி அவன் மனைவியைக் கூப்பிட்டு ஆபீசில் வேலை கொடுக்கிறது. அவள் கண்ணீரோடு கையெழுத்துப் போடுகிறாள். சினிமா மாதிரி இருக்கிறது, இதற்கு நிச்சயம் அடி விழும் என்று நான் காத்திருந்தேன்.

"நடக்கும்" என்றான் இசக்கிராஜா. "நெசமாத்தான்க்கா. எங்க கம்பெனி மத்ததுல எப்படியோ, இதுல நல்ல கம்பெனி. எங்ககூட இருந்த ஒருத்தரு நெஞ்சு வலியில போனாரு. அவரு வீட்டுக்காரிதான் இப்ப ஸ்டோர்ல இருக்காவ." கடைசிப் பக்கத்தில், கதை முடிகிற இடத்துக்குக் கீழே, கொஞ்சம் பெரிதாகவே 'நடக்கும்' என்று எழுதினான்.

"அந்த வேலை எனக்கு வேண்டாம்ப்பா" என்றாள் மாலா. "பி.காம் படிச்சிருக்கேன், அதுக்கு வேற எங்கனயாவது தேடிக்கிடுதேன்." நாவலை மட்டும் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனாள்.

எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய இரண்டாம் நாள் இசக்கிராஜா விழுந்து இறந்தான்.

பழைய கம்பிக்கூண்டு டவர். நின்றுபோன காத்தாடியைச் சரி பண்ணி, அது சுற்ற ஆரம்பித்து, இறங்கி வருகிற வழியில் விழுந்திருக்கிறான். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். திறந்து காட்டட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். எத்தனையோ பேர் ரத்தத்தைத் தினம் தொடுகிற கை, அன்றைக்கு ஒரு துணியை விலக்க வரவில்லை. திரும்பி வந்து லேபை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து அழுதேன். கோவில் பக்கம் மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஊர் முழுக்கக் கூட்டம், பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை, இங்கே ஒருத்தி தாலி அறுத்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கம்பெனி இன்ஜினியர் மாலையோடு வந்தார். எல்லார் முன்னாலும் மாலாவிடம் சொன்னார். "கம்பெனியில ஒரு விசாரணை வைப்பாங்கம்மா. சென்னையிலேருந்து ஆள் வருவாரு. ராஜா மேல தப்பு இல்லன்னு அவரு எழுதிட்டா போதும், ஸ்டோர்ல உங்களுக்கு வேலை ரெடி. தப்பு அவன் மேலன்னு வந்துட்டாத்தான் கையைக் கட்டிரும்." சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மாலா லேபுக்கு வந்தாள். கைக்குழந்தையைப் போல மகளை இடுப்பில் வைத்திருந்தாள். அது வளர்ந்த பிள்ளை, ஆனாலும் இறங்க மாட்டேன் என்றது.

"யக்கா, மாமனார் வீட்டுல எத்தனை நாளைக்குச் சோறு போடுவாக? எனக்கு அந்த ஸ்டோர் வேலை கிடைச்சே ஆகணும். சென்னைக்காரரு அக்கம்பக்கத்துல விசாரிப்பாராம். உங்ககிட்ட வந்தா, ரொம்ப ஜாக்கிரதையான ஆளுன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

"சரிட்டி" என்றேன்.

சரி என்று சொன்னேனே தவிர அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. ரொம்ப ஜாக்கிரதையான ஆள். செத்தவனைப் பற்றிக் கதையில் எழுதுகிற வாக்கியம் அது. எங்கள் ஞாயிற்றுக்கிழமையில் யாராவது அதை வாசித்திருந்தால் அடித்துத் துவைத்திருப்போம். அவன் ஜாக்கிரதையாக இல்லாமலா இருந்தான்? ஜாக்கிரதையாக இருந்ததால்தானே துருப்பிடித்த பூட்டை நம்பாமல் ஏறினான். அதைச் சொல்லாமல் இதென்ன பூசி மெழுகுவது என்று எனக்கு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது.

சென்னைக்காரர் வந்தார். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. நான் நினைத்த மாதிரி மிரட்டுகிற ஆளாக இல்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நோயாளிகள் போகும்வரை பெஞ்சில் காத்திருந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். வழக்கமா கேக்கிற கேள்விதான். அவருக்குக் குடிப்பழக்கம் உண்டா?"

எனக்கு வந்ததே கோபம். அவனுடைய ரத்தத்தை நான் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். பச்சைப்பிள்ளை ரத்தம் மாதிரி இருக்கும். குடிகாரன் என்று எழுதி மூடப் பார்க்கிறார்களா? வீட்டில் சண்டை உண்டா, மனக்கவலை உண்டா என்று அவர் அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனார்.

"அவன் எப்படி வேலை பார்த்தான், எதனால விழுந்தான்னு உங்களுக்கு நெசமாத் தெரியணுமா?" என்றேன். "அப்ப ஞாயித்துக்கிழமை மதியம் வாங்க. நாங்க சொல்லுதோம்."

அவருக்கு ஆச்சரியம். "கட்டாயம் வரேன். நீங்க வாசகர் வட்டம் நடத்துறதா சொன்னாங்க. நானும் படிப்பேன் மேடம்" என்றார்.

கணேசன் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, மாலா கேட்டுக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் உடனே தயங்கினார். "மாலா வேண்டாம்னுட்டால்லா? முத்துமாரி, எழுதுதவன்கிட்ட நாம பத்துச் சொன்னா, அவனுக்கு வேண்டியது ஒண்ணுதான் பத்திரத்துல ஏறும். என் பொழப்பே அதுதான்."

"அதுக்காக அவன் குடிகாரன்னு எழுதட்டும்னு விட்டுருவோமா அண்ணாச்சி? துருப்பிடிச்ச சாமானைக் கொடுத்து ஏத்துனவன் மேல ஒரு பழியும் இல்லயா? உண்மையைச் சொல்லுததுக்குத்தான நாம வட்டம் வச்சிருக்கோம்?"

அவர், "நீ சொல்லுததும் ஞாயம்தான்" என்றார். ரிபாயி அண்ணாச்சி என்னைவிடச் சூடாக இருந்தார். "அல்லா மேல ஆணையா சொல்லுதேன், அவன் நாக்கைப் பிடுங்குத மாதிரி கேப்பேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரியைப் பெஞ்சில் உட்கார வைத்தோம். நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார வேண்டியவன் இல்லை. அவரவர் வேலைக்கு அவரவர்தான் சாட்சி என்ற சட்டம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. வந்தும் நான் போய் அதில் உட்கார்ந்தேன். நாற்காலியில் சொன்னது நாற்காலியோடு என்ற சட்டத்தையும் அப்படியே மென்று விழுங்கினேன். செத்தவனுக்காகத்தானே, அவனே இருந்தால் வேண்டாம் என்றா சொல்லுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஏணி, கம்பி, இறுகிக்கொள்கிற பூட்டு, ஸ்டாக் இல்லை என்ற பதில், ஓயாமல் வருகிற போன், கீழே நின்று பார்க்கிற இன்ஜினியர். பழைய டவர்களில் ஒருவரும் மாட்டிக்கொண்டு ஏறுவதில்லை, ஏற முடியாது, அது உங்கள் கம்பெனிக்கே தெரியும் என்றேன். நான் விட்டதை ரிபாயி அண்ணாச்சி எடுத்துக்கொடுத்தார். கணேசன் அண்ணாச்சி, "இன்ன தேதியில அவன் இதை எங்க முன்னால சொல்லிருக்கான்" என்று அழுத்திச் சொன்னார். பத்திரத்துக்குச் சாட்சி எவ்வளவு திருத்தமாகச் சொல்ல வேண்டுமோ அவ்வளவு திருத்தம். பேசப் பேச எனக்கு மூச்சே சீரானது. இசக்கிராஜா செத்ததிலிருந்து நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. உண்மைதான் பேசினோம். ஒரு சொல் கூட்டவில்லை.

அதிகாரி குறுக்கே பேசவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப, அவர் பூட்டு மாட்டாம ஏறுறது அன்னைக்கு மட்டும் இல்ல. எப்பவும் அப்படித்தான். சரியா?"

"எப்பவும் அப்படித்தான். எல்லாரும் அப்படித்தான்" என்றேன்.

"ரொம்ப உபயோகமா இருந்தது மேடம்" என்று எழுந்து கும்பிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வட்டத்தில் அடுத்து என்ன புத்தகம் என்று விசாரித்தார்.

ஆவணியில் ஒன்றும் தெரியவில்லை. மாலாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மாமனார் வீட்டிலிருந்து கரிவலம்வந்தநல்லூருக்கு, அம்மா வீட்டோடு போய்விட்டாள் என்றார்கள். துக்க வீடு, நாமே போய்த் தொந்தரவு பண்ணுவானேன் என்று இருந்துவிட்டேன். வேலை கிடைத்திருக்கும், சேதி தானாக வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். முட்டாள்தனம்தான், ஆனால் நம்பினேன்.

புரட்டாசிக் கடைசி ஞாயிறு. கூட்டத்துக்கு நாங்கள் மூன்று பேர்தான். என்ன புத்தகம் எடுப்பது என்று பேச்சு ஓடாமல் உட்கார்ந்திருந்தோம். கதவைத் தள்ளிக்கொண்டு மாலா வந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜவுளிக்கடையின் சேலைச் சீருடை கட்டியிருந்தாள். கையில் அந்த நாவல்.

"வாட்டி, உக்காரு" என்றேன். அவள் பெஞ்சில் உட்காரவில்லை. நேராகப் போய் ரத்தம் எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்ஜினியரு போன் பண்ணாரு" என்றாள். "விசாரணை முடிஞ்சு போச்சாம். எங்க வீட்டுக்காரவுக தப்புத்தானாம். பூட்டு மாட்டாம ஏறுதது அவுக வழக்கமாம். கூடப் பழகுன நீங்களே சொல்லிட்டியளாம்."

"அது துருப்பிடிச்சுக் கெடந்ததையும்லா சொன்னோம்? ஸ்டாக் இல்லன்னு சொன்னதை? இன்ஜினியர் கீழ நின்னு பார்த்ததை?" ரிபாயி அண்ணாச்சிக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"அதெல்லாம் அதுல இல்லயாம் அண்ணாச்சி."

கணேசன் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். பத்திரத்தில் எது ஏறும் என்று அவர் சொன்னதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பழைய டவர்ல எல்லாம் புதுப் பூட்டு போடுதாங்களாம்" என்றாள் மாலா. "அதையும் இன்ஜினியரு சொன்னாரு. உங்க பிரண்ட்ஸ் சொன்னதாலதான் சீக்கிரமா நடக்கு, மத்தவங்க உசிரு தப்பிச்சுதுன்னாரு. நல்லதுதான். நான் குறை சொல்லல." அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

"மாலா, குடிச்சிட்டு ஏறுனானான்னு கேட்டான்டி. என்னால பொறுக்க முடியல. உண்மையைச் சொன்னா அவன் பேரு நிக்கும்னு நெனச்சேன்."

"நீங்க பொய்யா சொன்னிய? உண்மையைத்தான் சொன்னிய." அவள் என்னைப் பார்த்தாள். "நான் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன்க்கா. ஜாக்கிரதையான ஆளுன்னு. அதுவும் உண்மைதானே? அதைச் சொல்ல ஏன் உங்களுக்கு வாய் வரல?"

அந்த வாக்கியம் கதை வாக்கியம் மாதிரி இருந்தது, அதனால் எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு விதவையிடம் எந்த வாயால் சொல்வது?

மாலா நாவலைக் கைப்பலகையில் வைத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். வீரனின் மனைவி ஆபீசில் கையெழுத்துப் போடுகிற இடம். அதற்குக் கீழே இசக்கிராஜாவின் கையெழுத்தில் 'நடக்கும்'.

"பென்சில் இருக்கா?" என்றாள்.

கொடுத்தேன்.

"அவரவர் வேலைக்கு அவரவர்தான எழுதணும்? இது இனிமே என் வேலைதான்" என்றாள். அவன் எழுதியதை அடிக்கவில்லை. அதற்கு நேர் கீழே, மெதுவாக, 'நடக்காது' என்று எழுதினாள். பலகையில் கையை ஊன்றி எழுதும்போது ரத்தம் கொடுக்க வந்தவள் மாதிரியே இருந்தாள். எழுதி முடித்து இரண்டையும் ஒருமுறை பார்த்தாள். கடைக்கு நேரமாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம் என்று எழுந்தாள்.

வாசல்வரை போனவள் பென்சில் கையிலேயே இருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்து நீட்டினாள். வாங்க எனக்குக் கை வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றாள். பிறகு அதை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.